இயங்குதளத்தை மீள நிறுவாமல் கணினியின் அடிப்படை வன்பொருளை மாற்றுதல்: வழிமுறைகளும் வரையறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் தாய்ப்பலகை, மையச் செயலகம் போன்ற அடிப்படை உறுப்புகளை மாற்றும்போது இயங்குதளத்தையும் புதிதாக நிறுவுவதே நெடுங்கால வழக்கமாக இருந்து வருகிறது. இவ்வழக்கத்தால் ஆய்வாளர் பல ஆண்டுகளாக உருவாக்கிய மென்பொருள் சூழல் அழிகிறது. பழைய எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள்கள், உரிமம் பெற்ற பகுப்பாய்வுக் கருவிகள், அவற்றின் அமைவுகள் ஆகியன இதில் அடங்கும். இயங்குதளம் வன்பொருளை அறிந்துகொள்ளும் முறை, அம்முறை விண்டோஸ் பதிப்புகளில் அடைந்த மாற்றம், தொடக்க முறை, மறையாக்கம், உரிமம் ஆகியவற்றால் எழும் தடைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மாற்றத்துக்குரிய செயல்முறையை வரிசைப்படுத்தி, மீள நிறுவுதலே தகும் சூழல்களையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: இயங்குதளம், தாய்ப்பலகை, இயக்கி, தொடக்க ஏற்றி, மறையாக்கம், உரிமம், எழுத்துரு, மெய்நிகர்க் கணினி.

முன்னுரை

ஒரு கணினியில் வன்பொருளின் ஆயுளும் அதில் நிறுவப்பட்ட மென்பொருள் சூழலின் ஆயுளும் ஒன்றாக அமைவதில்லை. தாய்ப்பலகை பழுதடையலாம், நினைவகம் போதாமற் போகலாம், புதிய இயங்குதளப் பதிப்பு பழைய செயலகத்தை ஏற்க மறுக்கலாம். ஆயினும், அக்கணினியில் ஆய்வாளர் அமைத்துக்கொண்ட தரவுத்தளமும் எழுத்துருக்களும் பகுப்பாய்வு மென்பொருள்களும் தொடர்ந்து பயன்படும் நிலையிலேயே இருக்கும்.

இச்சிக்கல் அண்மையில் பரவலாகியுள்ளது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புக் கூறினையும் யூஈஎஃப்ஐ நிலைப்பொருளையும் கட்டாயமாக்கியது. இன்டெல் செயலகங்களில் பொதுவாக எட்டாம் தலைமுறையும், ஏஎம்டி செயலகங்களில் ரைசன் 2000 வரிசையும் அவற்றுக்குப் பிற்பட்டனவுமே அதன் ஆதரவுப் பட்டியலில் இடம்பெற்றன. இதனால், நன்கு இயங்கும் பழைய மேசைக் கணினிகளிலும் தாய்ப்பலகையையும் செயலகத்தையும் மாற்றும் தேவை எழுந்துள்ளது.

இந்நிலையில் கணினி பழுதுபார்ப்பவர் பெரும்பாலும் கூறும் தீர்வு, 'ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம்' என்பதாகும். கோப்புகளைப் படியெடுத்து வைத்தால் போதும் என்னும் எண்ணமே இதன் அடிப்படை. ஆனால், ஆய்வுக் கணினியின் மதிப்பு கோப்புகளில் மட்டும் இல்லை. அக்கோப்புகளைத் திறந்து படிக்க வல்ல சூழலிலும் உள்ளது. நிறுவல் வட்டு தொலைந்துபோன ஒரு மென்பொருளை இழந்தால், அதன் கோப்புகள் கையில் இருந்தும் பயனற்றவையாகலாம். எனவே, சூழலைச் சிதைக்காமல் வன்பொருளை மாற்றும் வழிகளை ஆய்வாளரும் அறிந்திருத்தல் வேண்டும்.

1. இயங்குதளம் வன்பொருளை அறியும் முறை

மின்விசையை அழுத்தியதும் முதலில் இயங்குவது தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைப்பொருளாகும். அது பழைய கணினிகளில் பயாஸ் எனவும், புதியவற்றில் யூஈஎஃப்ஐ எனவும் வழங்கும். நிலைப்பொருள் வட்டிலுள்ள தொடக்க ஏற்றியைக் கண்டு, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. தொடக்க ஏற்றி, இயங்குதளத்தின் கருவகத்தையும் சில இன்றியமையா இயக்கிகளையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன்பின் கருவகம் பொறுப்பேற்று, பிற வன்பொருள்களை ஒவ்வொன்றாக இனங்கண்டு, அவற்றுக்குரிய இயக்கிகளை ஏற்றுகிறது.

இவ்வரிசையில் ஓர் இடம் மிகவும் நுட்பமானது. கருவகம் பொறுப்பேற்றபின் வட்டைப் படிக்க வேண்டுமெனில், வட்டுக் கட்டுப்படுத்திக்குரிய இயக்கி முன்னரே நினைவகத்தில் இருத்தல் வேண்டும். அவ்வியக்கியோ வட்டில்தான் உள்ளது. இம்முரணைத் தவிர்க்கவே, எந்தெந்த இயக்கிகளைத் தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டும் என்னும் குறிப்பு விண்டோஸ் பதிவகத்தில் எழுதி வைக்கப்படுகிறது. புதிய தாய்ப்பலகையின் வட்டுக் கட்டுப்படுத்திக்குரிய இயக்கி அப்பட்டியலில் இல்லையெனில், கருவகம் தன் வட்டையே காண இயலாமல் நின்றுவிடும். நீலத்திரையில் தோன்றும் 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்னும் பிழைச்செய்தி இந்நிலையையே குறிக்கிறது.

இதிலிருந்து பெறப்படும் கருத்து முதன்மையானது. தாய்ப்பலகை மாறியபின் திரை, ஒலி, வலையமைப்பு ஆகியவற்றின் இயக்கிகள் இல்லாதிருப்பது சிறு இடர். இயங்குதளம் தொடங்கியபின் அவற்றை நிறுவிக்கொள்ளலாம். வட்டுக் கட்டுப்படுத்தியின் இயக்கி இல்லாதிருப்பதே பேரிடர். முன்னேற்பாடு இவ்வொரு புள்ளியில் சரியாக அமைந்தால், பெரும்பாலான மாற்றங்கள் வெற்றி பெறும்.

2. விண்டோஸ் பதிப்புகளில் நேர்ந்த வளர்ச்சி

'தாய்ப்பலகையை மாற்றினால் விண்டோஸை மீள நிறுவியே ஆக வேண்டும்' என்னும் கருத்து ஒரு காலத்தில் பெரிதும் உண்மையாக இருந்தது. விண்டோஸ் 2000, 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றில், வன்பொருளுக்கும் கருவகத்துக்கும் இடைநின்ற வன்பொருள் அருவப்படலம் பல வகைகளாக இருந்தது. நிறுவும்போதே அவற்றுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டு நிலைபெற்றது. வேறு வகைப் படலம் தேவைப்படும் பலகைக்கு மாறினால் இயங்குதளம் தொடங்காமற் போகும். விண்டோஸ் விஸ்டா முதல், உரிய படலத்தை ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் கண்டறியும் முறை வந்தது. இதனால் பெருந்தடை ஒன்று நீங்கியது.

2009இல் வெளியான விண்டோஸ் 7இல் வேறொரு தடை எஞ்சியது. நிறுவும்போது பயன்படாத வட்டுக் கட்டுப்படுத்தி இயக்கிகளை அது தொடக்கப் பட்டியலிலிருந்து நீக்கி வைத்தது. பழைய ஐடிஈ முறையில் நிறுவப்பட்ட விண்டோஸ் 7, ஏஹெச்சிஐ முறைக்கு மாறியதும் நீலத்திரை காட்டியமைக்கு இதுவே காரணம். பதிவகத்தில் உரிய குறிப்பை முன்னரே மாற்றி வைப்பது அதற்குத் தீர்வாக இருந்தது.

2012இல் வெளியான விண்டோஸ் 8உம் அதன் வழிவந்தவையும் இதில் மேலும் நெகிழ்வுடையன. பயன்படாத இயக்கிகள் இவற்றிலும் ஒதுக்கி வைக்கப்படலாம். ஆனால், பாதுகாப்பு முறையில் ஒருமுறை தொடங்கினால் உரிய இயக்கி ஏற்றப்பட்டு, அடுத்த தொடக்கம் முதல் இயல்பாகப் பயன்படும். ஏஹெச்சிஐ, என்விஎம்இ ஆகிய இரு பொது வகைக் கட்டுப்படுத்திகளுக்குமான இயக்கிகள் விண்டோஸ் 10இல் உடனமைந்தே உள்ளன. ஆகவே, விண்டோஸ் 10 அல்லது 11 இயங்கும் கணினியில் தாய்ப்பலகை மாற்றம் பெரும்பாலும் இயலக்கூடியதே. பழைய அனுபவத்தின் அடிப்படையில் மீள நிறுவுதலை விதியாக்குவது இன்று பொருந்தாது.

3. உறுப்பு வாரியாக விளைவுகள்

எல்லா உறுப்புகளின் மாற்றமும் ஒரே அளவு இடர் தருவதில்லை. நினைவகத்தைக் கூட்டுவது இயங்குதளத்தைப் பாதிப்பதில்லை. ஆனால், 32-பிட் விண்டோஸின் மேசைக்கணினிப் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்த இயலாது. வரைகலை அட்டையை மாற்றும்போது பழைய இயக்கியை முதலில் நீக்குவது நன்று. நீக்க மறந்தாலும் விண்டோஸ் தன் அடிப்படைத் திரை இயக்கியைக் கொண்டு தொடங்கும்.

அதே பலகையில் செயலகத்தை மட்டும் மாற்றும்போது, புதிய செயலகத்தைப் பலகை ஏற்குமாறு நிலைப்பொருளை முன்கூட்டியே புதுப்பித்தல் வேண்டும். பழைய செயலகம் பொருத்தப்பட்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும் என்பது பலரும் மறக்கும் செய்தி. இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்கு மாறுவதால் மட்டும் மீள நிறுவல் தேவைப்படாது. இரண்டும் ஒரே 64-பிட் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. ஏஆர்எம் வகைச் செயலகத்துக்கோ இவ்வாறு மாற இயலாது. அதற்குரிய விண்டோஸ் வேறானது.

வட்டை மாற்றுவது எளிது. பழைய வன்தட்டின் முழுப் படியைத் திண்மநிலை வட்டுக்கு எடுத்து, அதிலிருந்து தொடங்கினால் போதும். தாய்ப்பலகை மாற்றமே மிகுந்த கவனம் வேண்டுவது. வட்டுக் கட்டுப்படுத்தி, தொடக்க நிலைப்பொருள், வலையமைப்பு முகவரி, பாதுகாப்புக் கூறு, உரிமத்தின் அடையாளம் ஆகிய அனைத்தும் அப்போது ஒருங்கே மாறுகின்றன.

4. தொடக்க முறையும் வட்டுப் பிரிவினையும்

பயாஸ் முறையில் தொடங்கும் வட்டில் எம்பிஆர் என்னும் பிரிவினை அட்டவணை இருக்கும். யூஈஎஃப்ஐ முறையில் தொடங்கும் விண்டோஸுக்கு ஜிபிடி அட்டவணை வேண்டும். பழைய கணினி பயாஸ் முறையில் இயங்கி, புதிய பலகை யூஈஎஃப்ஐ முறையை மட்டுமே ஏற்குமாயின், இயக்கிகள் அனைத்தும் சரியாக இருந்தும் கணினி தொடங்காது. யூஈஎஃப்ஐ பலகைகளில் பழைய முறைக்கான ஒத்திசைவு வசதி முன்பு பரவலாக இருந்தது. புதிய பலகைகள் பலவற்றில் அது நீக்கப்பட்டுள்ளது.

விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல், தரவை அழிக்காமலே எம்பிஆர் அட்டவணையை ஜிபிடியாக மாற்றும் 'எம்பிஆர்2ஜிபிடி' என்னும் கருவி உடன் வருகிறது. வட்டில் மூன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பிரிவினைகள் இருப்பினும், நீட்டித்த பிரிவினை இருப்பினும் இக்கருவி மாற்ற மறுக்கும். அந்நிலையில் தேவையற்ற பிரிவினைகளின் தரவை வேறிடத்துக்கு நகர்த்தி, அவற்றை நீக்கிய பின்னரே மாற்ற இயலும்.

யூஈஎஃப்ஐ கணினிகளில், எந்த ஏற்றியைத் தொடங்க வேண்டும் என்னும் குறிப்பு வட்டில் அன்றித் தாய்ப்பலகையின் நினைவகத்தில் பதிகிறது. புதிய பலகையில் அக்குறிப்பு இராது. ஆயினும், விண்டோஸ் தன் ஏற்றியின் படி ஒன்றை வட்டின் பொது இடத்திலும் வைப்பதால், நிலைப்பொருள் பெரும்பாலும் அதைத் தானே கண்டுகொள்ளும்.

மற்றொரு நுட்பமும் இங்குக் கருதத்தக்கது. இன்டெல் பலகைகள் சிலவற்றில் வட்டுகள் ரெய்டு அல்லது விஎம்டி முறையில் இணைக்கப்படுகின்றன. இம்முறைக்குரிய இயக்கி இல்லாத விண்டோஸ் வட்டைக் காணாது. பழைய கணினி எம்முறையில் இருந்ததோ அம்முறையையே புதிய பலகையிலும் முதலில் தேர்ந்தெடுத்தல் பாதுகாப்பானது.

5. மறையாக்கமும் பாதுகாப்புக் கூறும்

பிட்லாக்கர் மறையாக்கம் இயங்கும் வட்டின் திறவுகோல், பொதுவாகத் தாய்ப்பலகையிலோ செயலகத்திலோ உள்ள டிபிஎம் கூற்றுடன் பிணைக்கப்பட்டிருக்கும். பலகை மாறியதும் அப்பிணைப்பு அறுகிறது. கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அவ்வெண் இல்லையெனில் தரவை மீட்க வழியில்லை. இம்முயற்சியில் மீளவே முடியாத இழப்பைத் தரக்கூடிய இடம் இதுவே.

பல மடிக்கணினிகளிலும் சில மேசைக் கணினிகளிலும், பயனர் அறியாமலே மறையாக்கம் இயங்கிக் கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு கணினியை அமைக்கும்போது அது தானாகத் தொடங்கக்கூடும். எனவே, 'நான் மறையாக்கம் செய்யவில்லை' என்னும் நினைவை நம்பாமல், அமைவுகளில் நேரில் பார்த்து உறுதி செய்தல் வேண்டும். மறையாக்கம் இருப்பின், அதை முழுமையாக நீக்கிய பின்னர்ப் பலகையை மாற்றுவதே மிகப் பாதுகாப்பான வழி. அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். மாற்றம் முடிந்தபின் மீண்டும் மறையாக்கம் செய்துகொள்ளலாம். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைப்பதும் நன்று.

செயலகத்தை மட்டும் மாற்றினாலும் இச்சிக்கல் எழலாம். டிபிஎம் கூறு நிலைப்பொருள் வடிவில் செயலகத்தைச் சார்ந்து இயங்கும் ஏஎம்டி கணினிகளில், புதிய செயலகத்தைக் கண்டதும் அக்கூற்றை அழித்துப் புதிதாக அமைக்கலாமா என நிலைப்பொருள் கேட்கும். மீட்பு எண் கையில் இல்லாமல் இதற்கு உடன்படுதல் கூடாது.

விண்டோஸில் நுழையப் பயன்படும் சுருக்க எண்ணும் இக்கூற்றையே சார்ந்தது. பலகை மாறியபின் அது செயற்படாமற் போகலாம். ஆகவே, கணக்கின் முழுக் கடவுச்சொல்லை முன்னரே நினைவுபடுத்தி, ஒருமுறை அதைக் கொண்டே நுழைந்து பார்த்தல் வேண்டும்.

6. உரிமம்

இயங்குதளம் தொடங்கினாலும் அதன் உரிமம் தொடர்ந்து செல்லுமா என்பது தனிக் கேள்வி. விண்டோஸ் தன் உரிமத்தை வன்பொருளின் அடையாளத்தோடு இணைத்து வைத்துள்ளது. அவ்வடையாளத்தில் தாய்ப்பலகையே முதன்மையானது. உரிமம் மூவகைப்படும்.

தனியே விலைக்கு வாங்கிய சில்லறை உரிமத்தைப் புதிய பலகைக்கு மாற்றலாம். 2016இல் வெளியான விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு முதல், எண்ம உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்துக்கொள்ளும் வசதி உள்ளது. மாற்றத்துக்கு முன்னரே இவ்விணைப்பைச் செய்துவிடின், பின்னர் உரிமச் சிக்கல் தீர்ப்பானில் வன்பொருள் மாறியதைத் தெரிவித்து உரிமத்தை மீட்கலாம். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அக்கணினியின் பலகையோடு பிணைந்தது. மேம்பாட்டுக்காகப் பலகையை மாற்றினால் அது பொதுவாகத் தொடர்வதில்லை. விண்டோஸ் 8 காலம் முதல் இவ்வுரிம எண் பலகையின் நிலைப்பொருளிலேயே எழுதப்பட்டு வருகிறது. மூன்றாவது, பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் பெறும் தொகுதி உரிமம். நிறுவனத்தின் உரிம வழங்கியைக் கொண்டு செயற்படும் கணினி 180 நாள்களுக்குள் அவ்வழங்கியோடு தொடர்புகொள்ள வேண்டும். நிறுவன வலையமைப்பில் இணைந்ததும் அது தானே புதுப்பித்துக்கொள்ளும்.

பகுப்பாய்வு மென்பொருள்களின் உரிமங்களையும் இவ்வாறே கருத வேண்டும். சில மென்பொருள்கள் வலையமைப்பு அட்டையின் முகவரியையோ, பிற வன்பொருள் அடையாளத்தையோ உரிமத்துக்கு அடிப்படையாகக் கொள்கின்றன. உரிமத்தைத் திரும்ப ஒப்படைக்கும் வசதி இருப்பின், பழைய பலகை இயங்கும்போதே அதைச் செய்துவிடல் வேண்டும். பலகை பழுதடைந்தபின் அவ்வாய்ப்பு இராது.

7. மாற்றத்துக்குரிய செயல்முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் செயல்முறையைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, வட்டின் முழுப் படியை வேறொரு வட்டில் எடுத்தல். பழைய வட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, படியைக் கொண்டே மாற்றத்தைச் செய்வது சிறந்தது. முயற்சி தோற்றாலும் மூலம் பழுதின்றி இருக்கும். முதன்முறை தொடங்கும்போது மூலத்தையும் படியையும் ஒரே கணினியில் சேர்த்து இணைத்தல் கூடாது; இரண்டின் அடையாள எண்களும் ஒன்றாக இருப்பதால் குழப்பம் நேரும்.

இரண்டாவது, மறையாக்கத்தை நீக்குதல், உரிமத்தைக் கணக்குடன் இணைத்தல், முழுக் கடவுச்சொல்லைச் சோதித்தல்.

மூன்றாவது, தொடக்க முறையையும் வட்டுக் கட்டுப்படுத்தியின் முறையையும் குறித்துக்கொண்டு, தேவையெனில் எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றுதல்.

நான்காவது, புதிய பலகையின் வலையமைப்பு இயக்கியை யூஎஸ்பி நினைவியில் பதிவிறக்கி வைத்தல். வலையமைப்பு கிடைத்துவிட்டால் பிற இயக்கிகள் பெரும்பாலும் தாமே வந்துவிடும். அது கிடைக்காவிடில் எதையும் பெற இயலாது. விண்டோஸ் நிறுவல் நினைவி ஒன்றையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, முழுமையாக நிறுத்துதல். விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியால், வழக்கமான நிறுத்தத்தின்போது கருவகத்தின் நிலை வட்டில் சேமிக்கப்படுகிறது. அந்நிலை பழைய வன்பொருளுக்கு உரியது. அதைப் புதிய பலகையில் மீட்கக் கூடாது. எனவே, ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு நிறுத்துதல் அல்லது விரைவுத் தொடக்கத்தை முன்னரே முடக்குதல் வேண்டும்.

ஆறாவது, பலகையை மாற்றித் தொடங்குதல். முதல் தொடக்கத்தில் கணினி வன்பொருள்களை இனங்காண நேரம் எடுத்துக்கொள்ளும். சிலமுறை தானே மறுதொடக்கமும் செய்யலாம். பொறுமை காத்தல் வேண்டும். தொடக்கம் தொடர்ந்து தோற்றால் விண்டோஸ் மீட்புச் சூழலுக்குள் செல்லும். அங்கிருந்து பாதுகாப்பு முறையில் தொடங்கினால், வட்டு இயக்கிச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

ஏழாவது, தூய்மை செய்தல். சாதன மேலாளரில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்தால், பழைய பலகையின் எச்சங்கள் மங்கலாகத் தெரியும். அவற்றை நீக்கலாம். நிலையான வலையமைப்பு எண் அமைத்திருந்தோர் புதிய அட்டைக்கு அதை மீண்டும் எழுத வேண்டும். வளாக வலையமைப்பில் கணினியின் முகவரி பதியப்பட்டிருப்பின் புதிய முகவரியைத் தெரிவித்தல் வேண்டும்.

எட்டாவது, விண்டோஸ் 11க்கு மாறுவதே நோக்கமாயின், அதைக் கடைசியில் செய்தல். புதிய பலகையில் விண்டோஸ் 10 நிலைபெற்று, உரிமமும் உறுதியான பின்னரே மேம்படுத்த வேண்டும். இரு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், பிழை எதனால் நேர்ந்தது என்பதைப் பிரித்தறிய முடியாது.

இவற்றுக்குப் பின்னும் சிறு கோளாறுகள் நீடித்தால் இடைவழி ஒன்றுண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே நிறுவல் நிரலை இயக்கி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளும் தெரிவைத் தேர்ந்தால், இயங்குதளக் கோப்புகள் மட்டும் புதுப்பிக்கப்படும். நிறுவல் நினைவியிலிருந்து கணினியைத் தொடங்கிச் செய்யும்போது இத்தெரிவு கிடைக்காது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

8. லினக்ஸ்

லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கருவகத்தோடு சேர்ந்தே வருகின்றன. வன்பொருளை ஒவ்வொரு தொடக்கத்திலும் இனங்காண்பதே அதன் இயல்பு. டெபியன், அதன் வழிவந்த உபுண்டு ஆகியவற்றின் தொடக்கநிலைக் கோப்புத்தொகுதியில் பெரும்பாலான வட்டு இயக்கிகள் இயல்பாகவே இடம்பெறும். இந்தியாவில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. ஃபெடோரா அவ்வக் கணினிக்குத் தேவையான இயக்கிகளை மட்டும் தொகுதியில் சேர்க்கிறது. ஆயினும், தொடக்கப் பட்டியலில் உள்ள மீட்புத் தெரிவு எல்லா வன்பொருளுக்கும் பொதுவானது. அதன்வழித் தொடங்கித் தொகுதியைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம்.

எழும் சிக்கல்கள் மூன்று. ஒன்று, வலையமைப்பு இடைமுகத்தின் பெயர் பலகையில் அது அமைந்த இடத்தைப் பொறுத்து மாறுவதால், பழைய பெயருக்கு எழுதிய அமைவு செயற்படாது. இரண்டு, என்விடியாவின் தனியுரிம இயக்கியை நிறுவியிருந்து வேறு அட்டைக்கு மாறினால், வரைகலைத் திரை தோன்றாமற் போகலாம். அவ்வியக்கியை முன்னரே நீக்குதல் வேண்டும். மூன்று, யூஈஎஃப்ஐ தொடக்கக் குறிப்பு புதிய பலகையில் இராமையால், நிறுவாமல் இயக்கும் யூஎஸ்பி நினைவியின் துணையுடன் தொடக்க ஏற்றியை மீளப் பதிக்க நேரலாம்.

9. தமிழாய்வுக் கணினிகளின் தனிச் சிக்கல்கள்

ஒருங்குறியில் தமிழ் 1991இல் அதன் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆனால், விண்டோஸ் 2000 முதலே மைக்ரோசாஃப்டின் இயங்குதளம் அதைத் தமிழுக்கு உடனமைந்து ஆதரித்தது. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னரும் தமிழ் ஆவணங்கள் பல்வேறு 8-பிட் குறியேற்றங்களில் உருவாயின. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. இணையத்தமிழர் முயற்சியால் திஸ்கி உருவானது. அச்சகங்களும் மென்பொருள் நிறுவனங்களும் தத்தமக்கெனக் குறியேற்றங்களை வகுத்துக்கொண்டன. இவற்றில் உருவான ஆய்வேடும் சொல்லடைவும் பதிப்பும், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

இத்தகைய கணினியில் இயங்குதளத்தை மீள நிறுவுதல் என்பது, அவ்வாவணங்களைப் படிக்கும் திறனையே இழக்கச் செய்யலாம். எனவே, வேறெதையும் தொடங்கு முன் எழுத்துருக் கோப்புறை முழுவதையும் படியெடுத்தல் வேண்டும். இப்பணிக்குச் சில நிமிடங்களே ஆகும்.

சூழலைப் பேணியவாறு பலகையை மாற்றுவதும் எப்போதும் இயலாது. விண்டோஸ் 7இல் யூஎஸ்பி 3 கட்டுப்படுத்திக்கான இயக்கி உடனமைந்து இல்லை. புதிய பலகையில் அது தொடங்கினாலும் விசைப்பலகையும் சுட்டியும் செயற்படாமற் போகலாம். 32-பிட் விண்டோஸ் பயாஸ் ஒத்திசைவு இல்லாத 64-பிட் பலகையில் தொடங்காது. 16-பிட் மென்பொருள்களோ 64-பிட் விண்டோஸில் இயங்கா. பழைய அச்சுக்கோப்பு மென்பொருள்கள் சில இணைநிலைத் துறையில் செருகும் பூட்டுக்கருவியை நாடின. இன்றைய பலகைகளில் பெரும்பாலும் அத்துறையே இல்லை.

இந்நிலையில் தகுந்த வழி, பழைய கணினியை மெய்நிகர்க் கணினியாக மாற்றுதலாகும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள 'டிஸ்க்2விஹெச்டி' என்னும் கருவி, இயங்கும் கணினியின் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக மாற்றித் தரும். அக்கோப்பை ஹைப்பர்-வி அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் இயக்கலாம். பழைய சூழல் புதிய கணினிக்குள் ஒரு சாளரமாகத் திறக்கும். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன இயங்குதளம் என்பதால் அதற்கு இணைய இணைப்புத் தருதல் கூடாது. அதன் உரிம நிலையையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இதுவும் இடைக்காலத் தீர்வே. நிலையான தீர்வு, ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றுதல். 8-பிட் குறியேற்றங்களில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியன பார்வைக்குத் தோன்றும் வரிசைப்படி மெய்க்கு முன் பதிந்திருக்கும். ஒருங்குறியில் அவை மெய்க்குப் பின் வருகின்றன. ஆகவே, மாற்றி மென்பொருள் குறிகளின் வரிசையையும் மாற்றியமைக்க வேண்டும். மூல எழுத்துருவின் குறியேற்றம் எது என்பதைத் தவறாகக் கொண்டால் விளைவும் தவறாகும். மாற்றிய பாடத்தை மூலத்தோடு ஒப்புநோக்க, மூலத்தைச் சரியாகக் காட்டும் பழைய சூழல் அதுவரை உயிரோடு இருத்தல் வேண்டும்.

10. மீள நிறுவுதல் தகும் சூழல்கள்

மீள நிறுவுதலை முற்றாக விலக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நச்சுநிரல் புகுந்த கணினியிலும், வட்டில் பழுது கண்ட கணினியிலும், மாற்றத்துக்கு முன்னரே அடிக்கடி நின்றுபோன கணினியிலும் பழைய நிறுவலைத் தொடர்வது குறைகளையும் தொடர்வதாகும். உரிமம் பெற்ற சிறப்பு மென்பொருள் எதுவுமின்றி, உலவியும் ஆவணத் தொகுப்பியும் மட்டும் பயன்படும் கணினியில், புதிதாக நிறுவுவதே குறைந்த உழைப்புடையது. 32-பிட் நிறுவலிலிருந்து 64-பிட்டுக்கு மாறவும் புதிய நிறுவலன்றி வழியில்லை. சூழலின் மதிப்பையும் அதை மீண்டும் அமைக்க ஆகும் உழைப்பையும் சீர்தூக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

அடிப்படை வன்பொருளை மாற்றும்போது இயங்குதளத்தை மீள நிறுவியே ஆக வேண்டும் என்னும் கருத்து, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தின் எச்சமாகும். விண்டோஸ் 10, 11, லினக்ஸ் ஆகியவற்றில் இம்மாற்றம் பெரும்பாலும் இயலக்கூடியது. வட்டுக் கட்டுப்படுத்தியின் இயக்கி, தொடக்க முறை, மறையாக்கத்தின் மீட்பு எண், உரிமம் ஆகிய நான்கையும் முன்னரே சரிபார்த்தலே இதன் திறவுகோல். இவற்றுள் முதலிரண்டில் நேரும் பிழையைத் திருத்தலாம். உரிமத்தின் இழப்பு பணத்தால் ஈடாகும். மீட்பு எண்ணின் இழப்புக்கோ ஈடில்லை.

தமிழாய்வுத் துறைகளில் இது தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் நிற்பதில்லை. பழைய குறியேற்றங்களில் உறங்கும் தரவுகள் இன்றும் சில கணினிகளின் சூழலை நம்பியே வாழ்கின்றன. துறையின் பழைய கணினியைப் பழுதுபார்க்க அனுப்புமுன், அதில் எந்த எழுத்துருக்களும் மென்பொருள்களும் உள்ளன, அவற்றை நம்பி எந்த ஆவணங்கள் உள்ளன என்னும் பட்டியலை ஆய்வாளரே எழுதி வைத்தல் வேண்டும். கணினி பழுதுபார்ப்பவர் அறிய இயலாத அப்பட்டியலே, எதைக் காக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும்.